இடுப்பில் மறைத்துக் கட்டும் சின்ன பிஸ்டல்: வெள்ளவத்தையில் என்னிடம் கேட்கிற கேள்விகள்

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் 14 வருடம் இருந்தேன். பெட்ரோல் நிலையத்தோடு ஒட்டிய ஒரு சின்னக் கடையில் இரவு நேர வேலை. பூட்டும்போது பணப்பையோடு கார் வரைக்கும் தனியாக நடக்க வேண்டும். அதற்காகத்தான் லைசன்ஸ் எடுத்து, 9 வருடம் இடுப்பில் பிஸ்டல் கட்டினேன். அம்மாவைப் பார்க்க 2023 இல் ஊரோடு வந்துவிட்டேன். வந்த நாளிலிருந்து சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள், அல்லது போகப் போகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

கொழும்பில் நான் இப்படி ஒன்று வாங்கிக் கட்டலாமா?

நினைத்தவுடன் முடியாது. இங்கே 1916 இல் வந்த துப்பாக்கிகள் பற்றிய கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. தற்காப்புக்குப் பிஸ்டலோ ரிவால்வரோ வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். உயிருக்கு ஆபத்து என்பதை அவர்கள் ஏற்க வேண்டும். கிடைத்தாலும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 இல், அப்படி அனுமதி பெற்று வைத்திருந்தவர்களையே மீளாய்வுக்காகத் துவக்குகளை நவம்பர் 7 க்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். அனுமதி இல்லாமல் ஒன்று கையில் அகப்பட்டால் மறியல்தான். "ஒருத்தர் எடுத்துத் தருவார்" என்று யாராவது கதைத்தால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்துங்கள். கீழே எழுதுவதெல்லாம் அமெரிக்காவில், அதுவும் எனக்குத் தெரிந்த டெக்சாஸில், சட்டப்படி வைத்திருக்கக் கூடியவர்களுக்கு.

மகன் ஸ்டூடன்ட் விசாவில் டெக்சாஸ் போகிறான். பாதுகாப்புக்கு ஒன்று வாங்கலாமா?

இல்லை. இதைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "டெக்சாஸில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்" என்பது மாநிலத்துக் கதை. அதற்கு மேலே மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. ஸ்டூடன்ட் விசா, வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் உள்ளே போனவர் துவக்கோ ரவையோ வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் உள்ளவருக்கு என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் கம்பஸில் படிக்கப் போகிற பிள்ளையை அந்த வழியில் அனுப்பாதீர்கள். விசாவும் போய், படிப்பும் போய், திரும்பவும் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாமல் ஆகிவிடும்.

க்ரீன் கார்ட் உள்ளவர், குடியுரிமை உள்ளவர் என்றால் வேறு கதை. அவர்களுக்குத்தான் மீதிப் பதில்கள்.

டெக்சாஸில் இப்போது லைசன்ஸே தேவையில்லையாமே?

உண்மைதான். 2021 செப்டெம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு தடை எதுவும் இல்லாதவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டு போகலாம். ஆனாலும் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பாடசாலையைச் சுற்றி 1000 அடிக்குள் துவக்கோடு போவதை மத்திய சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் லைசன்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, இல்லாதவருக்கு இல்லை. ஹூஸ்டனில் கார் ஓட்டினால் பாடசாலைகளைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது.

இன்னொரு காரணம் வகுப்பு. நான்கு முதல் ஆறு மணி நேரம் உட்கார்ந்து எங்கே சுடலாம் என்பதைவிட எங்கே சுடக் கூடாது என்பதைக் கேட்கிறோம். பிறகு 50 ரவை சுட்டுக் காட்ட வேண்டும்: 3, 7, 15 யார் (கெஜம்) தூரங்களில். 250 புள்ளிக்கு 175 எடுத்தால் சித்தி. கஷ்டமான சோதனை இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர் 7 யாரில் கடதாசியையே தவறவிட்டார். இடுப்பில் கட்டிக்கொண்டு சனத்துக்குள் நடப்பதற்கு முன்னால் தன் கை எப்படி என்று அவருக்கு அன்று தெரிந்ததே, அது பெரிய விஷயம்.

சரி, எவ்வளவு சின்னதாக வாங்குவது?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நானும் முதலில் இதில்தான் பிழைவிட்டேன்.

நான் முதலில் வாங்கியது .380 அளவு ரவை போடுகிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று. எடை 300 கிராம்கூட இல்லை. கால்சட்டைப் பையில் போட்டால் பர்ஸ் மாதிரி இருக்கும். கடையில் கையில் எடுத்த உடனே இதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன். சுடுமிடத்தில் இரண்டு ரவைக்கூடு (ரவைகளை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற கூடு) சுட்டு முடிக்கும்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதை சிவந்து போயிற்று. கைப்பிடியில் இரண்டு விரல்தான் பிடிக்கும், சின்ன விரல் காற்றில் தொங்கும். ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு கைக்குள் புரளும். 7 யாரில் என் சன்னங்கள் (ரவையிலிருந்து பறந்துபோகிற முனைகள்) ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. வலிக்கிறது என்பதால் பழகப் போவதையும் தள்ளிப்போட்டேன். அதுதான் உண்மையான நட்டம்.

காரணம் எளிது. ஒரே ரவையை எடை குறைந்த துவக்கில் போட்டால் உதை கூடும். சுடுகுழல் குட்டை என்றால் குறிபார்க்க மேலே வைத்திருக்கிற முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவில் உள்ள தூரமும் குறையும், கண் விடுகிற சின்னப் பிழை இலக்கில் பெரிதாகத் தெரியும். மறைப்பதற்குச் சின்னது சுகம், சுடுவதற்குப் பெரியது சுகம். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் உடம்புக்கும் கைக்கும் எது ஒத்துவருகிறது என்று தேடுவதுதான் முழு வேலையும்.

ஒரு அளவுக்காகச் சில பெயர்கள் சொல்கிறேன். கிளொக் 19 வந்தது 1988 இல். சுடுகுழல் 102 மி.மீ., ரவைக்கூட்டில் 15 ரவை, வெறும் ரவைக்கூட்டோடு 670 கிராம் அளவு, நிரப்பினால் 850 கிராம் வரும். "கொம்பாக்ட்" என்று சொன்னால் பலருடைய மனதில் வருவது இதுதான். அதற்குக் கீழே மெல்லிய பிஸ்டல்கள்: 2012 இல் ஸ்மித் அன்ட் வெசன் ஷீல்ட், 2015 இல் ஆறு ரவை கிளொக் 43. மெல்லியது வேண்டுமென்றால் ரவை குறையும் என்பதுதான் அதுவரை இருந்த கணக்கு. 2018 இல் சிக் சவர் பி365 வந்து அந்தக் கணக்கை மாற்றியது. 79 மி.மீ. சுடுகுழல், 500 கிராம் அளவு எடை, அதற்குள் 10 ரவை. அடுத்த வருடமே ஹெல்கட், கிளொக் 43எக்ஸ் என்று மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

நடுத்தர உடம்பு, நடுத்தரக் கை உள்ள ஒருவர் முதல் பிஸ்டல் வாங்குகிறார் என்றால், இந்தக் கடைசி வகையில் கைப்பிடி கொஞ்சம் நீளமான ஒன்றைப் பாருங்கள் என்பேன். மூன்று விரலும் முழுதாகப் பிடிக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். நான் கடைசியில் போய் நின்றது கிளொக் 19 அளவில்.

கடையில் கையில் எடுத்து எதைப் பார்ப்பது?

முதலில் வெறுமையா என்று பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் தருவார், நீங்களும் பார்க்க வேண்டும். ஒழுங்கு முக்கியம்: முதலில் ரவைக்கூட்டைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகர்கிற மேல்பகுதியை, இழுத்துத் திறக்க வேண்டும். மாறிச் செய்தால், ரவைக்கூட்டில் இருப்பது மேலே ஏறி உள்ளே உட்கார்ந்துவிடும், நீங்கள் வெறுமை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். திறந்த பிறகு கண்ணால் பார்த்து, சின்ன விரலை உள்ளே விட்டும் தடவிப் பாருங்கள்.

அப்புறம் பிடி. கைப்பிடியை எவ்வளவு உயரத்தில் பிடிக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில், சுடுகுழல் முன்கையின் நேர்கோட்டில் வரும்படி பிடியுங்கள். அந்தப் பிடியை மாற்றாமல் சுட்டுவிரலின் முதல் கணுவின் சதை ட்ரிகரில் நேராக உட்காருகிறதா? எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் துவக்கு உங்களுக்குப் பெரிது. பல பிஸ்டல்களில் கைப்பிடியின் பின்பக்கத் துண்டை மாற்றலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு சுவரில் பாதுகாப்பான ஒரு இடத்தை நோக்கி நீட்டுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் குறி பின் குறிக்குள் கிட்டத்தட்ட நடுவில் நின்றால் அந்தத் துவக்கு உங்கள் கையோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் வேறு ஒன்றைக் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: வாடகைக்குத் துவக்கு தருகிற சுடுமிடத்துக்குப் போய், வாங்க நினைப்பதை 50 ரவையாவது சுட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். நான் கடை மேசையில் முடிவெடுத்தேன், அந்தக் காசு போயிற்று.

பெண்களுக்கு ஸ்லைட் இழுப்பது கஷ்டம் என்கிறார்களே?

என் அக்கா டல்லாஸில் இருக்கிறார், கை சின்னது. முதல் நாள் மூன்று முறை முயன்று, "தம்பி, இது எனக்குச் சரிவராது" என்று வைத்துவிட்டார். அவர் செய்தது என்னவென்றால், இரண்டு விரலால் ஸ்லைடின் பின்பக்கத்தைக் கிள்ளி, கையை நீட்டியபடி இழுத்தார். அந்தப் பிடியில் யாருக்கும் பலம் வராது. துவக்கை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவந்து, முனை இலக்குப் பக்கமாகவே இருக்க, இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேலே முழுதாக வைத்து இறுக்கிப் பிடித்து, ஸ்லைடை இழுக்காமல் வலது கையால் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளச் சொன்னேன். ஒரே தள்ளு, திறந்துவிட்டது. அக்காவின் முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்படியும் முடியாதவர்களுக்கு, மூட்டுவலி உள்ளவர்களுக்கு, ஸ்லைட் இலகுவாக வரும்படி செய்த ஷீல்ட் ஈஸி என்ற வகை இருக்கிறது. .380 இல் 2018 இலும் 9 மி.மீ. இல் 2020 இலும் வந்தது. கொஞ்சம் பெரிது, ஆனால் நல்லது.

9 மி.மீ. ரவை போதுமா? அதைவிடப் பெரிய .40, .45 வேண்டாமா?

போதும். 1902 இல் கியோர்க் லூகர் செய்த ரவை இது, நூறு வருடமாக உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த ஒரு சண்டையில் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் ஆட்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகு அவர்கள் பெரிய ரவைகளுக்கு மாறினார்கள், ஜெலி கட்டிகளில் சுட்டுப் பார்க்கிற சோதனையையும் கொண்டுவந்தார்கள்: சன்னம் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது அளவு. சன்னங்கள் செய்கிற விதம் முன்னேறியதும் அவர்களே பிறகு 9 மி.மீ. க்குத் திரும்பிவிட்டார்கள். உதை குறைவு, ரவை அதிகம், விலையும் குறைவு. விலை குறைவு என்றால் பழகப் போகலாம்.

பழகுவதற்கு உருண்டை முனைச் சன்னம், கட்டிக்கொண்டு போவதற்கு முனையில் குழி உள்ள சன்னம். குழிமுனை உடம்புக்குள் விரிந்து நின்றுவிட வாய்ப்பு அதிகம், பின்னால் நிற்கிறவருக்குப் பாதுகாப்பு.

ரிவால்வர்?

வயதானவர்களுக்கு இதைத்தான் விற்பார்கள். ஐந்து ரவை, ஸ்லைட் இல்லை, சிக்குவதும் அரிது. ஆனால் சின்ன ரிவால்வரின் ட்ரிகர் பொதுவாக ஐந்து கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும், கிளொக்கில் அது இரண்டரை கிலோ. எடை குறைந்த ரிவால்வரின் உதையும் கடுமை. பழகியவர் கையில் நல்ல ஆயுதம், புதியவருக்கு இல்லை.

தனியாக ஒரு சேப்டி (தற்செயலாக வெடிக்காமல் தடுக்கிற பூட்டு) வேண்டுமா?

இரண்டும் சரி. தள்ளுகிற சேப்டி இருந்தால், எடுக்கும்போது அதைத் தள்ளுவது பழக்கமாகிவிடும் வரைக்கும் பயிற்சி செய்ய வேண்டும். இல்லையென்றால், ட்ரிகரை முழுதாக மூடுகிற உறைதான் சேப்டி. மனம் அமைதியாக இருப்பது எதில் என்று பாருங்கள்.

உறைக்கு ஏன் இவ்வளவு காசு?

பிஸ்டலுக்கு 500 டொலர் கொடுத்துவிட்டு உறைக்கு 15 டொலர் துணிப் பையைத் தேடுகிறவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். நானும் ஒன்று வாங்கினேன். ஒரு மாதத்தில் வாய் தளர்ந்து மடங்கிவிட்டது. ஒருநாள் இரவு வீட்டில் பிஸ்டலைத் திருப்பி உள்ளே வைக்கும்போது ஏதோ தடுத்தது. தள்ளவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். மடங்கிய அந்த வாயின் துணி ட்ரிகர் வளையத்துக்குள் விரல் மாதிரிப் போய் நின்றது. கொஞ்சம் தள்ளியிருந்தால் தொடையில் வெடித்திருக்கும். அன்றைக்கே அந்தப் பை குப்பைக்குப் போயிற்று.

கைடெக்ஸ் என்கிற கடினமான பிளாஸ்டிக்கில், உங்கள் பிஸ்டலின் அதே மாதிரிக்கு வார்த்தது வாங்குங்கள். ட்ரிகர் முழுதாக மூட வேண்டும். பிஸ்டலை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் (வெறும் துவக்கோடு) விழக் கூடாது. அதோடு ஒரு தடித்த பெல்ட். சாதாரண பெல்ட்டில் 850 கிராம் தொங்கினால் கால்சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், எல்லோருக்கும் தெரியும்.

திருப்பி வைக்கும்போது அவசரமே வேண்டாம். சட்டையை மற்றக் கையால் நெஞ்சு வரை தூக்கி, கண்ணால் பார்த்து, விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி, மெதுவாக. சட்டை நுனி, ஜக்கெட் கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாது.

நம் உடுப்புக்குள் எப்படி மறைப்பது?

ஹூஸ்டன் வெயிலும் கொழும்பு வெயிலும் ஒன்றுதான், அதே புழுக்கம், அதே வியர்வை. ஜக்கெட் போட முடியாது. ஒரு அளவு பெரிய, கட்டம் போட்ட, வெளியே விடுகிற சட்டை போதும். ஒற்றை நிற மெல்லிய சட்டையில் கைப்பிடியின் உருவம் தெரியும். உள்ளே ஒரு பனியன், தோலில் உரசாது. வலது இடுப்பு எலும்புக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் குனியும்போது முதுகுப் பக்கம் துருத்தும், அதனால் குனியாமல் முழங்காலை மடக்கி இருக்கப் பழகினேன்.

வியர்வை இரும்பைச் சும்மா விடாது. வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் போடுங்கள். குறியைப் பிடித்திருக்கிற சின்ன ஆணி துருப்பிடித்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சேலைக்கும் வேட்டிக்கும் நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டியோடு போகும் நாளில் வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போவேன். கைப்பையில் போடுவதையும் விரும்ப மாட்டேன். பை கதிரையில் தொங்கும், பிள்ளைகள் மிட்டாய் தேடிக் கைவிடும்.

எவ்வளவு பழக வேண்டும்?

நம்பிக் கட்டுவதற்கு முன் சாதாரண ரவை 200, கட்டிக்கொண்டு போகப் போகிற அதே ரவையில் 50, ஒருமுறையும் சிக்காமல் சுட்டிருக்க வேண்டும். அது என் கணக்கு. பிறகு மாதம் ஒருமுறை.

காசில்லாத பயிற்சி ஒன்று. ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, துவக்கு வெறுமை என்று இரண்டு தரம் பார்த்து, சன்னம் போனாலும் தாங்கக் கூடிய சுவரை நோக்கிப் பிடித்து, முன் குறிக்குப் பின்னால் ஸ்லைடின் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். என்னிடம் ஊரிலிருந்து கொண்டுபோன இரண்டு ரூபாய்க் குத்தி இருந்தது. ட்ரிகரை அழுத்தும்போது குத்தி விழக் கூடாது. முதல் வாரம் எனக்குப் பத்தில் ஏழு தரம் விழுந்தது. மூன்று மாதத்தில் விழவில்லை. சுடுமிடத்தில் செலவழித்த காசைவிட இந்தக் குத்தி எனக்கு அதிகம் படிப்பித்தது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்படியென்றால் இரண்டு இடம்தான்: உங்கள் இடுப்பு, அல்லது பூட்டிய இரும்புப் பெட்டி. தலையணைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, காரின் முன்பெட்டியில், இதெல்லாம் இடமே இல்லை. பிள்ளை ஏறாத அலுமாரி கிடையாது. பெட்டிக்குக் காசில்லை என்றால் பிஸ்டலை வாங்காதீர்கள்.

டெக்சாஸ் லைசன்ஸோடு மற்ற மாநிலங்களுக்குப் போகலாமா? கனடாவுக்கு?

சில மாநிலங்கள் ஏற்கும், சில ஏற்காது. நியூ ஜேர்சி வேறு எந்த மாநிலத்தின் அனுமதியையும் ஏற்பதில்லை, குழிமுனைச் சன்னத்துக்கும் அங்கே கட்டுப்பாடு. புறப்படும் முன் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்தையும் பாருங்கள். டெக்சாஸுக்குள்ளேயும் 30.06 என்று (அது சட்டப் பிரிவின் எண்) எழுதிய அறிவித்தல் வாசலில் இருந்தால் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. சிவப்பு எழுத்தில் 51 வீதம் என்று போட்ட மதுச்சாலைகளுக்குள் அறவே கூடாது. கனடா எல்லைக்குக் கொண்டே போகாதீர்கள். அங்கே 2022 ஒக்டோபர் 21 இலிருந்து கைத்துப்பாக்கி விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். ஸ்கார்பரோ மச்சான் கேட்டாலும் பதில் அதுதான்.

நீங்கள் எப்போதாவது எடுக்க வேண்டி வந்ததா?

ஒருமுறையும் இல்லை. ஒரு இரவு, கடை பூட்டும் நேரம், இரண்டு பெடியன்கள் என் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். கை இடுப்புக்குப் போகவில்லை, நான் திரும்பிக் கடைக்குள் போய்க் கதவைப் பூட்டிப் பொலிசுக்கு அடித்தேன். ஐந்து நிமிடத்தில் அவர்கள் போய்விட்டார்கள். யார், எதற்கு நின்றார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. வண்டி பழுதாகி நின்றவர்களாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு எடுத்திருந்தால் அந்தச் சந்தேகத்தோடு நான் எப்படி வாழ்வேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன்.

ஊருக்கு வரும்போது என்ன செய்வது?

நான் லைசன்ஸ் உள்ள வியாபாரியிடமே விற்றுவிட்டு வந்தேன். விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கேயே பெட்டியில் பூட்டி, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்கலாம், அவரும் சட்டப்படி வைத்திருக்கக் கூடியவராக இருந்தால்.

முக்கியமாக, சுடுமிடத்துக்குக் கொண்டுபோன பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். சுட்டு முடிந்த ரவையின் ஒரு வெற்றுக் கோதுகூட கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் அந்த நாள் முழுக்க நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சட்டைப் பைகள், சப்பாத்து, காரிலிருந்து எடுத்துப்போட்ட ஜக்கெட் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். நான் புறப்பட்ட அன்று சூட்கேசை மூன்றாம் தரம் கவிழ்த்தபோதுதான் ஒரு பழைய சப்பாத்துக்குள்ளிருந்து பித்தளைக் கோது ஒன்று தரையில் உருண்டது.